பிழை எண் 412: மூன்றாம் பந்தி

மார்கழி 3, புதன்

இனிமேல் கம்ப்யூட்டரில் எழுதுவதில்லை. இது உரக்கடைக்காரர் என்றைக்கோ கொடுத்த பழைய டைரி. அச்சடித்த தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். காகிதம் சொல்லாமல் எதையும் தின்னாது. கரையான் தின்றால்கூடப் பொடி உதிரும்.

நடந்தது இது. பழைய கம்ப்யூட்டர் பெட்டி மூச்சு வாங்குகிறது என்று மருமகள் சுபாஷினி எனக்கு வேறு பெட்டி வைத்துக் கொடுத்தாள். அதில் ஓடுவது ‘கூடு’. அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், அது சம்பளத்துக்கு. மீதி நேரமெல்லாம் இந்தக் கூடுதான், அது சம்பளம் இல்லாமல். பெட்டியை எழுப்புவதும் எழுத விடுவதும் படம் காட்டுவதும் எல்லாம் இந்தக் கூடுதானாம். யாழ்ப்பாணம், பினாங்கு என்று அங்கங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளுக்கொரு நார் கொண்டுவந்து பின்னியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

“ஓசியா?” என்றேன்.

“ஓசியில்ல அத்தே, பொதுச்சொத்து.”

“தெருக் குழாய் மாதிரியா? அப்ப குழாயடிச் சண்டை இருக்குமே.”

“இருக்கு. அதுக்குன்னே நெட்டுல ஒரு பலகை வச்சிருக்கோம்.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் அப்பா பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். ஆளை ஊர், தெரு, தகப்பன் பேர் போட்டு எழுதாவிட்டால் நாளைக்கு வேறு ஒருத்தன் வந்து நான்தான் அவன் என்பான் என்று சொல்வார். எனக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஆள், அநியாயத்துக்கு ஒரு கோப்பு. தலைப்பும் அப்பா சொன்ன முறையில்தான். நேற்று மூன்று கோப்புகளைப் பென்டிரைவிலிருந்து வெட்டிக் கூட்டில் ஒட்டினேன்.

முறப்பநாடு மேலத்தெரு சிதம்பரம் பிள்ளை மகன் என் சம்பந்தி திரவியம் பிள்ளை எனக்குச் செய்த அநியாயம் ஒன்று, மறுவீட்டுச் சொதி.

இரண்டாவதும் அதே நீளத் தலைப்புதான், வால் மட்டும் அநியாயம் இரண்டு, தாம்பூலப் பையில் அழுகல் தேங்காய்.

மூன்றாவதும் அப்படியே, அநியாயம் மூன்று, ஆஸ்பத்திரிக் காப்பி.

மூன்று போட்டேன். ஒன்றுதான் இருக்கிறது. அதற்கும் தலைப்பு முழுசாக இல்லை. ‘எனக்குச் செய்த அநியா’ என்று அந்தரத்தில் நிற்கிறது. திறந்தால் காப்பி மட்டும் இருக்கிறது. சொதியும் தேங்காயும் போன இடம் தெரியவில்லை.

திரவியம் பிள்ளை சுபாஷினியின் அப்பா. நான் அவரோடு பேசிப் பதினைந்து வருஷம்.

மார்கழி 4, வியாழன்

சுபாஷினியிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பு போகிப் பண்டிகை அன்று வெளிவருகிறதாம். அவள் பள்ளிக்கூட லேபில் இருபத்திரண்டு பழைய பெட்டிகள் இருக்கின்றன. பொங்கல் லீவு முடிந்து கதவு திறக்கும்போது அவை ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போடப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. புதிதாக வாங்கித் தரவும் மாட்டார்கள். கூட்டின் புதுப் பதிப்பை ஏற்றினால் அத்தனையும் ஓடும்.

“டீச்சர்மாரெல்லாம் கேள்வித்தாளப் பென்டிரைவுலதான் கொண்டு வருவாவ அத்தே. ‘ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் இரண்டாம் பருவம்’னு நீட்டி முழக்கித்தான் பேர் வைப்பாவ. இப்படித் தின்னுச்சுன்னா என் கதி என்ன?”

“அப்ப சரி பண்ணு.”

“நீங்க பலகையில எழுதுங்க. பாத்தவங்கதான் எழுதணும். அது முறை. சரியாச்சுன்னும் நீங்கதான் சொல்லணும். நீங்க ‘தீர்ந்தது’ அழுத்தாம பதிப்பு வெளிய போகாது.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

பலகையில் எழுத ஒரு பேர் வேண்டுமாம். ‘மூன்றாம்பந்தி’ என்று வைத்தேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

எழுதியது: ‘மூன்று கோப்பு போட்டேன். இரண்டைத் தின்றுவிட்டது.’ அதற்குப் பிழை எண் 412 கொடுத்தார்கள்.

மார்கழி 5, வெள்ளி

பதில் வந்தது.

‘மூன்று கோப்பு போட்டுப் பார்த்தேன். மூன்றும் இருக்கின்றன. எனக்கு நல்லாத்தான் இருக்கு. மூடுகிறேன். நண்டு.’

யாரோ நண்டாம். வந்த முறையீடுகளைப் பார்த்துப் பிரிக்கிற வேலை அவருக்கு. மூடுகிறாராம்!

மார்கழி 6, சனி

சுண்டக்காய் காயப்போட்டேன். மேகம் கவிந்து கெடுத்தது. 412-ஐ மறுபடி திறந்தேன்.

மார்கழி 8, திங்கள்

நண்டு மறுபடி மூடிவிட்டார்.

‘நீளமான பெயரும் வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருநூறு எழுத்து. ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நல்லாத்தான் இருக்கு.’

இந்த வாக்கியத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். என் ஞாபகத்துக்கு எதுவும் ‘எங்கேயோ’ என்று வராதே. ஊர், நாள், உடுத்தியிருந்த சேலை எல்லாம் சேர்ந்துதான் வரும். வயசாகிவிட்டதா?

மார்கழி 9, செவ்வாய்

வயசாகவில்லை.

காலையில் துவையலுக்கு இஞ்சி சீவிக்கொண்டிருந்தேன். தோல் விரலில் ஒட்டியதும் வந்துவிட்டது. என் மகனுக்கும் சுபாஷினிக்கும் கல்யாணம் முடிந்த மறுவீட்டுச் சாப்பாடு. அரக்குச் சேலை உடுத்தியிருந்தேன். எங்கள் ஊரில் சொதிச் சாப்பாடு என்றால் பெண்வீட்டார் பெருமையைக் காட்டுகிற இடம். தேங்காய்ப்பால் சொதிக்கு இஞ்சிப் பச்சடி கட்டாயம். இல்லாவிட்டால் வயிறு மந்தமாகிவிடும். எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ் பிந்தியதால் மூன்றாம் பந்திக்குத்தான் உட்கார்ந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். சொதி திரிந்துபோயிருந்தது. பச்சடி கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து போய்ச் சொன்னேன். திரவியம் பிள்ளை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“நான் மொதப் பந்தியில சாப்பிட்டேனே. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”

அப்போது நான் என் தங்கச்சியிடம், நண்டு மாதிரி நேராகப் பதில் சொல்லாமல் பக்கவாட்டிலேயே போகிற மனுஷன் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் காதில் விழுந்திருக்கிறது.

சுபாஷினி தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நண்டு யாரு?”

“எந்த நண்டு அத்தே?”

“மாவு கரைஞ்சாச்சு. கரண்டியக் கீழ வை.”

வைத்தாள். “அப்பா ரிட்டயர் ஆகிச் சும்மாதான இருந்தாவ. தந்தி ஆபீஸ்ல இருந்தவங்களா, ஒவ்வொண்ணாப் பிரிச்சு அடுக்குததுல கெட்டி. அதான் பலகையில சேத்து விட்டேன்.”

“எப்பத்துல இருந்து?”

“நாலு வருஷமா. பேரு அவங்களாத்தான் வச்சாவ.”

“என்னைய ஏன் அங்க அனுப்பின?”

“வீட்டுல ரெண்டு பேரும் பேச மாட்டியளே. பலகையிலயாவது சண்ட போடுங்கன்னுதான்.”

இது எழுதி வைக்க வேண்டிய அநியாயம். தலைப்பு பிறகு யோசிக்கலாம்.

மார்கழி 10, புதன்

அப்படியென்றால் ‘மூன்றாம்பந்தி’ என்கிற பேரைப் பார்த்ததுமே அவருக்கு நான் யாரென்று தெரிந்திருக்கும். தெரிந்தேதான் இரண்டு தடவை மூடினார்.

மார்கழி 11, வியாழன்

சுபாஷினி சொன்னாள்: “சும்மா ‘தின்னுட்டு’ன்னு எழுதுனா எப்படி அத்தே? அவங்க ஆங்கிலத்துலல்லா போட்டுப் பாத்திருக்காவ. நீங்க செஞ்சத படிப்படியா, ஒரு எழுத்து விடாம எழுதுங்க. பாக்கிறவங்க அத அப்படியே செய்யணும். அதுவும் முறைதான்.”

“ஒரு எழுத்து விடாமலா?”

“ஆமா.”

“அப்படியே செய்யணுமா?”

“ஆமா அத்…” என்று வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பெண் கெட்டிக்காரிதான். கொஞ்சம் பிந்திவிட்டாள், அவ்வளவுதான்.

எழுதினேன்.

‘படி ஒன்று. பென்டிரைவில் கீழ்க்கண்ட பெயரில் ஒரு கோப்பு உண்டாக்கவும்: முறப்பநாடு மேலத்தெரு சிதம்பரம் பிள்ளை மகன் என் சம்பந்தி திரவியம் பிள்ளை எனக்குச் செய்த அநியாயம் ஒன்று, மறுவீட்டுச் சொதி. அதனுள்ளே எழுத வேண்டியது: மூன்றாம் பந்திக்கு இஞ்சிப் பச்சடி வரவில்லை.’

படி இரண்டு தேங்காய், படி மூன்று காப்பி. படி நான்கு, மூன்றையும் வெட்டிக் கூட்டில் ஒட்டவும். படி ஐந்து, எண்ணிப் பார்க்கவும்.

கடைசியில் ஒன்று சேர்த்தேன்: ‘குறிப்பு. முதல் பந்தியில் உட்கார்ந்து சோதிக்கக் கூடாது.’

இனி இதைச் சோதிக்கிற ஒவ்வொருத்தரும் தங்கள் கையால் அடித்தாக வேண்டும். முறப்பநாட்டில் இருக்கிறவரும்தான்.

மார்கழி 12, வெள்ளி

இரவு நல்ல தூக்கம்.

மார்கழி 13, சனி

யாழ்ப்பாணத்திலிருந்து தர்ஷினி என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கூட்டில் கோப்புகளை இடம் மாற்றுகிற பகுதியை எழுதியவளே அவள்தானாம்.

‘அம்மா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்து பாத்தன். மூண்டு போட, ஒண்டுதான் மிஞ்சினது. பிழை என்ர பக்கம்தான். ஒரு கேள்வி. அந்தச் சொதி எங்கட சொதி மாதிரியோ?’

இல்லை, எங்கள் சொதியில் முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கிடக்கும், அது கல்யாணச் சாப்பாடு என்றேன். அவர்கள் வீட்டில் அன்றாடம் சொதியாம். பினாங்குக்காரர் ஒருத்தர் நடுவில் வந்து, ‘சோதித்தேன், எனக்கும் ஒன்றுதான் மிஞ்சியது. பச்சடி இல்லாமல் எப்படிச் செரித்தது?’ என்று கேட்டிருந்தார். செரிக்கவில்லை என்று பதில் போட்டேன்.

நண்டு வாய் திறக்கவில்லை.

தர்ஷினி விளக்கினாள். ஒரு பெயருக்கு மொத்தம் இருநூற்று ஐம்பத்தைந்து இடம்தான் உண்டாம். ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழ் எழுத்து மூன்று இடம் பிடிக்கும். கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியாக மூன்று. பென்டிரைவில் அந்தக் கணக்கு வேறு, அதனால் அங்கே தொந்தரவில்லை. கூட்டுக்கு வரும்போது இடம் முடிந்த இடத்தில் வாலை நறுக்கிவிடுகிறது. நறுக்கியபின் மூன்றும் ஒரே பெயர். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, கடைசியில் வந்தது மட்டும் மிஞ்சியது.

எனக்குப் புரிந்துவிட்டது. இதுவும் பந்திதான். தமிழ் எழுத்து பிள்ளைகுட்டியோடு வந்து மூன்று இலை போட்டு உட்காருகிறது. இலை தீர்ந்தால் பரிமாறுகிறவன் அடுத்து வந்தவனை முன்னால் உட்கார்ந்தவன் மடியில் உட்காரவைக்கிறான்.

மார்கழி 15, திங்கள்

தின்னப்படாமல் தப்பிய காப்பிக் கோப்பை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். என் வீட்டுக்காரர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதியது. திரவியம் பிள்ளை பதினோரு நாளும் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து வராந்தா பெஞ்சில் வைத்துவிட்டு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், தானும் மறுகோடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் முறப்பநாட்டுக்கு பஸ் ஏறுவார். பதினோரு நாளும் காப்பியில் சர்க்கரை இல்லை. அதுதான் அநியாயம் மூன்று.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று அவருக்கு யார் சொன்னது? அதை விசாரிக்க வேண்டும்.

மார்கழி 16, செவ்வாய்

நண்டு எழுதிவிட்டார்.

‘மூன்றாம்பந்தி சொன்னபடி ஒவ்வொரு படியாகச் செய்தேன். பெயர்களை நானே அடித்தேன். எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. முதலில் தமிழ்ப் பெயர் வைத்துச் சோதிக்காமல் மூடியது என் தவறு. 412-ஐத் திறக்கிறேன். இது தீராமல் பதிப்பை வெளியிடக் கூடாது என்பது என் கருத்து.’

நான்கு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஐந்தாவது தடவை. தூசி அதிகம் இந்த வீட்டில்.

மார்கழி 19, வெள்ளி

ஒன்றுமில்லை. பனங்கிழங்கு அவித்தோம்.

மார்கழி 25, வியாழன்

தர்ஷினி திருத்தி அனுப்பிவிட்டாள். இனிமேல் கூடு சொல்லாமல் நறுக்காது. ‘பெயர் நீளமாக இருக்கிறது, எதை விடலாம்?’ என்று நம்மைக் கேட்கும். ஒன்றின் மேல் ஒன்றை எழுதவும் செய்யாது.

திருத்தம் சரிதானா என்று ஒவ்வொரு பதிப்புக்கும் கூடு தன்னைத் தானே சோதித்துக்கொள்ள மாதிரிக் கோப்புகள் உள்ளே வைப்பார்களாம். தர்ஷினி என் மூன்று தலைப்புகளையும் அப்படியே வைத்துவிட்டாள். கூட்டைப் பிரித்துப் பார்க்கிற யாரும் அதைப் படிக்கலாம். இந்த ஜென்மத்துக்கு அழியாது என்றாள் சுபாஷினி. சந்தோஷமாகச் சொல்லவில்லை.

நண்டு ஒரு வேண்டுகோள் வைத்தார்: ‘மாதிரிக் கோப்புகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைக்கலாமே.’

தர்ஷினி: ‘ஐயா, முறைப்பாட்டிலை இருக்கிற அசல் பேரைத்தான் வைக்கவேணும். இது நீங்கள் போன வருஷம் எங்களுக்குப் போட்ட விதி.’

நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மார்கழி 27, சனி

திருத்திய கூட்டை என் பெட்டியில் சுபாஷினி ஏற்றிவிட்டாள். நான் இன்னும் சோதிக்கவில்லை. இடுப்பு வலி. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்கழி 28, ஞாயிறு

இன்றைக்கும் இடுப்பு வலி.

சுபாஷினி இரண்டு தடவை தைலம் தேய்த்துவிட்டாள். மூன்றாவது தடவை தைலத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்: “அத்தே, அப்பா வந்து மன்னிப்பு கேட்டாத்தான் அழுத்துவியளா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“எம் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு பெட்டி அத்தே. எடைக்குப் போட்டா அடுத்த வருஷம் லேபே கிடையாது. கம்ப்யூட்டரத் தொடாமலே பத்தாவது எழுதும்.”

ஐந்தாம் வகுப்பில் என் சிலேட்டுப் பலகையை வாங்கி என் தம்பியிடம் கொடுத்த அன்றைக்கு என்ன கிழமை, யார் கொடுத்தது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது கோப்பு எண் ஒன்று.

மார்கழி 29, திங்கள், போகி

வருஷா வருஷம் பொங்கல்படி கொடுக்கத் திரவியம் பிள்ளை ஆட்டோவில் வருவார். கேட்டில் நின்று மகளைக் கூப்பிட்டு, கரும்பும் மஞ்சள்குலையும் அரிசியும் இறக்கி வைத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். பதினான்கு பொங்கலும் அப்படித்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால், அவர் பார்க்கும்படி பார்த்ததில்லை.

இன்று காலையில் ஆட்டோ சத்தம் கேட்டதும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு சரியாகிவிட்டது. மூன்று கோப்புகளையும் பென்டிரைவில் முதலிலிருந்து எழுதி வைத்திருந்தேன். மாதிரிக் கோப்புகளோடு ஒத்துப் பார்க்கலாம் என்று பலகையைத் திறந்தால், அங்கே மூன்றில்லை, நான்கு. நான்காவதை நேற்றுச் சாயங்காலம் நண்டு சேர்த்திருக்கிறார். என்னுடைய அதே தலைப்பு, ஊர், தெரு, தகப்பன் பேர் ஒன்றும் குறையாமல். வால் மட்டும் வேறு:

‘அநியாயம் நான்கு, முதல் பந்தியில் தின்றுவிட்டு மூன்றாம் பந்தியைப் பற்றிப் பேசியது.’

இதுவும் அழியாது. கூடு இருக்கிறவரைக்கும் உள்ளே இருக்கும்.

அதையும் பென்டிரைவில் இறக்கி, நான்கையும் வெட்டி ஒட்டினேன். கூடு நின்று கேட்டது: ‘பெயர் நீளமாக இருக்கிறது. எதை விடலாம்?’

அப்பா சொல்லிக்கொடுத்த முறையை நான் இதுவரை மீறியதில்லை. முறப்பநாட்டை விட்டேன். மேலத்தெருவை விட்டேன். சிதம்பரம் பிள்ளை மகனை விட்டேன். அவருக்கும் எனக்கும் தகராறு இல்லை, பாவம். ‘அநியாயம்’ இருக்கட்டும். ‘என் சம்பந்தி’யும் இருக்கட்டும்.

நான்கு போட்டேன். எண்ணினேன். நான்கு இருந்தன.

பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே இல்லை, வீட்டு வாசலில்.

“மதினி.”

திரும்பாமலே, “வாங்க அண்ணாச்சி. மின்விசிறிக்குக் கீழ உக்காருங்க” என்றேன்.

“உக்காருதேன். இது… பச்சடி. கொஞ்சம் பிந்திட்டு.” ஒரு தூக்குவாளியை மேஜையில் வைத்தார்.

“பதினஞ்சு வருஷமா அரைச்சியளோ?”

“மொதல்ல நல்ல இஞ்சி கிடைக்கணும்லா.”

சுபாஷினி கையில் கரும்போடு நடுவாசலில் நின்றாள். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

“எனக்குச் சக்கரைன்னு ஆஸ்பத்திரியில உங்கட்ட யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. மறுவீட்டுப் பந்தியிலயே பாயசத்தத் தள்ளி வச்சியளே. பாத்தேன்.”

மூன்றாம் பந்தியை அவர் பார்த்திருக்கிறார். பச்சடி இல்லாததைப் பார்க்காதவர் இதைப் பார்த்திருக்கிறார். இதை எந்தக் கோப்பில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

தூக்குவாளியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அவர் சோதனைக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் பலகைப் பக்கம் திரும்பி, ‘தீர்ந்தது’ என்பதை அழுத்தினேன். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. எழுதினேன்:

‘எனக்கு நல்லாத்தான் இருக்கு.’

அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். வெற்றிலைச் சிரிப்பு அப்படியே இருக்கிறது, பல்தான் இரண்டு குறைவு.

தை 1, செவ்வாய்

பதிப்பு நேற்றே வெளிவந்துவிட்டது. சுபாஷினி விடிந்ததும் பொங்கலைப் பொங்கிவிட்டு, லீவு நாளென்றும் பாராமல் பள்ளிக்கூடத்துச் சாவியை வாங்கப் போய்விட்டாள். மத்தியானம் போன் பண்ணினாள். பதினெட்டுப் பெட்டி எழுந்துவிட்டதாம். மீதி நாலும் எழுந்துவிடும் என்றாள். குரலில் அவ்வளவு துள்ளல்.

இந்த டைரியில் மீதிப் பக்கங்களைக் கிழித்து மளிகைச் சீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நாளை முதல் கம்ப்யூட்டரில்தான்.

பச்சடியில் வெல்லம் ஒரு துண்டு கூடிப்போயிருந்தது, சர்க்கரைக்காரிக்கு என்று தெரிந்தும். அவர் பேரில் ஐந்தாவது கோப்பு தொடங்கியாக வேண்டும். பெயர் சின்னதாக வைத்துவிட்டேன், எந்தப் பெட்டியும் நறுக்காது: ‘அண்ணாச்சி’.